விருந்தும் வித்தும்

தானியமணி ஒன்றே இருவேறு பொருளாக இருக்கிறது. உலையில் இட்டால் அது இன்றைய உணவு. நிலத்தில் இட்டால் நாளைய உணவு. எந்த மணியை உண்பது, எந்த மணியை எடுத்துவைப்பது என்று தீர்மானிப்பதிலேதான் உழவுத்தொழிலின் தொடக்கம் இருக்கிறது. வேட்டையாடியும் கனி பறித்தும் உண்டு திரிந்த மனிதன், கையிலிருந்த தானியத்தில் ஒரு பங்கை உண்ணாமல் அடுத்த மழைக்கென ஒதுக்கிவைக்கக் கற்றுக்கொண்டபோதே உழவனானான். அவ்வாறு ஒதுக்கிய பங்குக்குத்தான் வித்து என்று பெயர்.

அந்தப் பங்கு யாருடைய கையில் இருக்கிறது என்பது பொருளாதாரக் கேள்வி. அதை உண்ண நேர்ந்தவர்களைப் பற்றி நம் புலவர்கள் என்ன பாடினார்கள், அவர்கள் பாடியதை நாம் எவ்வாறு படித்துவந்திருக்கிறோம் என்பது இலக்கியக் கேள்வி. இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். விதை என்பது விவசாயத் திணைக்களத்தின் விடயம், தமிழ் கற்பிப்பவருக்கு அதில் என்ன அலுவல் என்று கேட்போரும் உளர். நாம் கற்பிக்கும் நூல்களிலேயே விதை பசியோடும் அறத்தோடும் பிணைந்து கிடக்கிறது. அதைக் காணாமல் கடந்துபோவது படிப்பவரின் குறையேயன்றி நூலின் குறையன்று.

முதலிற் புறநானூற்றைப் பார்ப்போம். தகடூரை ஆண்ட அதியமான் எழினி போரில் வீழ்ந்தபோது அரிசில்கிழார் பாடிய பாடல், அத்தொகுப்பின் 230ஆம் பாடலாக அமைந்துள்ளது. புலவர் அங்கே கூற்றுவனை நோக்கிப் பேசுகிறார். எழினியை உயிரோடு விட்டிருந்தால் அவன் செய்யும் போர்களில் எத்தனையோ பகைவரின் உயிர்களை நீ உண்டிருப்பாய். அவனையே உண்டு உன் எதிர்கால உணவை நீயே அழித்துக்கொண்டாய் என்கிறார். இந்த அறியாமைக்கு அவர் காட்டும் உவமைதான் நமக்கு முக்கியம். குடி வீழ்ந்துபோன உழவன் ஒருவன் தன் விதையை உண்டுவிட்டதைப் போன்றது கூற்றுவனின் செயல் என்பது அவ்வுவமை.

அரசனின் மரணத்தைப் பாட வந்த புலவருக்கு, ஈடுசெய்ய முடியாத இழப்புக்கு ஒப்பாக நினைவில் எழுந்தது ஓர் ஏழை வீட்டின் விதைக்கூடை. அக்காலத்துக் கேட்போருக்கும் அதை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. விதையை உண்ணும் நிலைக்கு வந்த குடும்பங்களை அவர்கள் கண்ணாற் கண்டிருக்க வேண்டும். வீரயுகம் என்று நாம் போற்றும் காலத்தின் மறுபுறத்தை இந்த ஒற்றை உவமை காட்டிவிடுகிறது. அங்கே உழவன் அறிவீனனாக நிற்பதாகச் சிலர் கொள்ளலாம். ஆனால் கூற்றுவனுக்கும் உழவனுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கூற்றுவன் பேராசையால் உண்டான். உழவன் வேறு வழியின்றி உண்டான். உவமையின் அழகை வியந்த உரைகள் பல. இந்த வேறுபாட்டில் நின்று சிந்திக்க அவை நம்மைப் பழக்கவில்லை.

அதே தொகுப்பின் 333ஆம் பாடல் இன்னும் நெருக்கமான காட்சியைத் தருகிறது. சிற்றூர் ஒன்றிலே ஒரு வீடு. வீட்டிலிருந்த வரகும் தினையும் இரந்து வந்தவர்கள் உண்டதாலும் கொண்டு சென்றதாலும் தீர்ந்துவிட்டன. அந்த நிலையில் மீண்டும் புலவர்கள் வருகிறார்கள். அளவு குறித்துக் கடன் வாங்கிப் பின்னர் அதே அளவில் திருப்பித் தரலாம் என்றால், அதற்கும் வழியில்லை. வீட்டுத் தலைவி என்ன செய்கிறாள்? விதைக்கென்று கதிரோடு காயவைத்திருந்த தினையை எடுத்து உரலில் இடுகிறாள். வந்தவர்களைப் பசியோடு அனுப்ப அவளுக்கு மனமில்லை.

பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சேக்கிழார் பெரியபுராணத்தில் இளையான்குடி மாறநாயனாரின் வரலாற்றைப் பாடுகிறார். செல்வராய் இருந்து அடியார்க்கு அமுதளித்த வேளாளர் வறியவராகிறார். மழை கொட்டும் ஓர் இரவில், தாமே பட்டினி கிடக்கும் வேளையில், சிவபெருமான் அடியார் வடிவில் வந்து கதவைத் தட்டுகிறார். அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தருவேன் என்று வழி சொல்பவள் மனைவி. கணவர் கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு இருளிலும் மழையிலும் வயலுக்குச் சென்று, நீரில் மிதக்கும் முளைநெல்லை அள்ளிவருகிறார். விறகும் இல்லை, வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்துத் தருகிறார். கறிக்கு, கொல்லையில் இன்னும் வளராத கீரையைப் பறித்து வருகிறார். கூரை, கொல்லை, வயல் என்று ஒரு குடும்பம் தன் எதிர்காலம் முழுவதையும் ஒரே இரவில் அடுப்பில் இட்டுவிடுகிறது. முடிவில் இறைவன் ஒளியுருவாய்த் தோன்றி அருள்புரிகிறார்.

புறநானூற்றுக்கும் பெரியபுராணத்துக்கும் இடையே வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரம் நிற்கிறது. விருந்தினரை முதலில் உண்பித்து எஞ்சியதை உண்பவனின் நிலத்துக்கு விதையும் இடவேண்டுமோ என்ற பொருளில் ஒரு குறள் அங்கே உண்டு. அத்தகையவனின் நிலம் தானே விளையும் என்பது உரையாசிரியர் கொண்ட கருத்து. மாறநாயனாரின் கதையை இக்குறளின் விரிவுரையாகவே படிக்கலாம்.

இம்மூன்றையும் நாம் வகுப்பறையில் ஒரே தலைப்பின்கீழ் வைத்துக் கற்பிக்கிறோம்: தமிழரின் விருந்தோம்பற் பண்பு. பரீட்சை வினாவும் அதுவே, விடையும் அதுவே. வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே புகையிரதம் நின்று செல்லும் சிற்றூர் றொசல்ல. அங்கு நம்மிடம் படிப்போரிற் பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களிலிருந்து வருபவர்கள். மாறநாயனாரின் கதையைச் சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “விதையையும் சமைச்சுட்டா, அடுத்த போகத்துக்கு அவங்க எதை சேர் விதைப்பாங்க?” வகுப்பு சிரிக்கவில்லை. பாடநூலின் வழிகாட்டிக் குறிப்புகளில் இக்கேள்விக்கு விடை இல்லை. நமது மரபான இலக்கிய விமர்சனத்திலும் இல்லை.

ஏனெனில் நமது விமர்சனம் இக்காட்சிகளை விருந்தினரின் இலையிலிருந்து பார்த்துப் பழகியது. பாடியவர் புலவர்; உண்டவரும் புலவர். உண்டவர் நன்றியோடு பாடியதில் பிழையில்லை. ஆனால் உண்டவரின் நன்றியையே அந்த வீட்டின் முழு வரலாறாக நாம் ஏற்றுக்கொண்டோம். அடுப்பின் பக்கத்தில் நின்று அதே காட்சியை நோக்குவோமாயின், விதைத்தினை உரலுக்குள் விழும் ஓசை வேறுவிதமாகக் கேட்கும். ஒரு குடி உழுகுடியாக இருந்த நிலையிலிருந்து இரக்கும் குடியாக இறங்கும் கட்டத்தின் ஓசை அது. அரிசில்கிழார் ‘வீழ்ந்த குடி’ என்று குறித்ததும் இதையே. ஆண்டவன் வந்து அருளிய வீடு ஒன்று. ஆண்டவன் வராத வீடுகள் எத்தனை?

தலைவியின் ஈகையை நாம் குறைத்துரைப்பதாக எவரும் கருதவேண்டாம். இல்லாமையிலும் பகிர்ந்துண்ணும் மனம் உழைக்கும் மக்களின் உயர்ந்த குணம். லயத்தில் ஒரு வீட்டு உலையை அடுத்த வீடு பகிர்ந்துகொள்வதை அறிந்தவர்கள் நாம். நாம் கேட்பது ஒன்றே. அவளுடைய ஈகையை இவ்வளவு புகழ்ந்த மரபு, அவளுக்கு ஒரு நாழித் தினையை ஏன் கடனாகத் தரவில்லை? அளந்து வாங்கி அளந்து திருப்பித் தரும் அந்தக் கடனுக்குப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்று பெயர். வள்ளுவரும் இச்சொல்லை ஆள்கிறார். வறியவர்க்கு ஈவதே ஈகை, ஏனையவை எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்று அதை ஈகைக்குக் கீழே வைக்கிறார். அறநூலின் நோக்கில் அது தாழ்ந்ததாக இருக்கலாம். 333ஆம் பாடலின் தலைவிக்கு அன்று வேண்டியிருந்தது புகழன்று, குறியெதிர்ப்பை. அது ஊரில் கிடைத்திருந்தால் விருந்தினரும் உண்டிருப்பார்கள், விதையும் தப்பியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இரு காட்சிகளிலும் விதையின் மீது கை வைப்பவள், அல்லது கை வைக்கலாம் என்று சொல்பவள், பெண். விதையைத் தெரிவதும் காயவைப்பதும் சாம்பல் கலந்து குதிரிலோ பானையிலோ காப்பதும் நெடுங்காலமாகப் பெண்களின் வேலையாக இருந்துவந்தன. ஆதலால் அதை இழக்கும் முடிவும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. காத்தவளுக்கே அதன் அருமை தெரியும். அருமை தெரிந்தவளே அதை எடுத்துத் தந்தாள் என்பதிலேதான் அப்பாடலின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சங்கப் பாடலில் விதை வறியவளுடையதாகவேனும் இருந்தது. பள்ளு இலக்கியத்துக்கு வரும்போது அந்த நிலையும் மாறிவிடுகிறது. முக்கூடற் பள்ளில் பண்ணைக்காரன் கணக்குக் கேட்கிறான்; பள்ளன் வித்து வகை, மாட்டு வகை, ஏர் வகை என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறான். நெல்லினங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அப்பகுதியைச் சொல்வளத்துக்காகவும் ஓசைக்காகவும் பாராட்டுவது வழக்கம். சமுதாய உண்மை அதற்குள் ஒளிந்திருக்கிறது. எந்த நெல் எந்த மண்ணுக்கு ஏற்றது என்று அறிந்தவன் பள்ளன். அந்த நெல் முழுவதும் பண்ணையின் உடைமை. அறிவு ஒருவனிடம், உரிமை இன்னொருவனிடம். கணக்குப் பிழைத்தால் தொழுவில் மாட்டப்படுபவன், அறிவுடைய பள்ளன்தான். நகைச்சுவை இலக்கியமாகக் கொள்ளப்படும் பள்ளு, விதை உழைப்பவன் கையை விட்டு நீங்கியதன் ஆவணமாகவும் இருக்கிறது.

பள்ளனுக்கு விதையின் பெயராவது தெரிந்திருந்தது. அவனது சந்ததியார் கடல் கடந்து இலங்கை மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது அதையும் இழந்தனர். இதை வெறும் மனவெழுச்சியாற் சொல்லவில்லை. தோட்டத்தொழிலின் அமைப்பே அத்தகையது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. சேனைப்பயிர் செய்து குரக்கனும் சிறுதானியமும் விளைவித்த கண்டிச் சிங்கள விவசாயிகளின் நிலங்களும் அவ்வலையில் வீழ்ந்தன. அந்த நிலங்களிற் கோப்பி நடப்பட்டது; கோப்பியை நட்டு வளர்க்கத் தமிழ்நாட்டின் பஞ்சம் பட்ட கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைகள் முழுவதும் தேயிலையாயின. சேனையை இழந்த சிங்கள விவசாயியும் ஊரை இழந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். ஒருவன் விதைக்கும் நிலத்தை இழந்தான். மற்றவன் நிலத்தோடு விதையையும் இழந்தான். இவர்களை ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்திய அரசியல், இந்தப் பொது இழப்பை மறைத்தே வளர்ந்தது.

தேயிலையின் இயல்பையும் நோக்குவோம். கொழுந்துக்காக வளர்க்கப்படும் செடியைத் தன் போக்கில் பூத்துக் காய்க்க விடுவதில்லை. கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளி, இடுப்பளவிலேயே நிறுத்திவைக்கிறார்கள். விதைக்கென்று விடப்பட்ட செடிகள் தனியே மரங்களாக வளர்ந்தன. அவை நிருவாகத்தின் பொறுப்பில் இருந்தன. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிவுசெய்த தாய்ச்செடிகளின் தண்டுத் துண்டுகளை நட்டு வளர்க்கும் வி.பி. தேயிலை பரவியது, விளைச்சல் பெருகியது, விதையின் தேவையே குறைந்தது. இவ்வாறு ஐந்தாறு தலைமுறையாக மண்ணிலேயே உழைத்த ஒரு சமுதாயம், தனக்கென்று விதை தெரிந்து, விதை காத்து, விதை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை ஏறக்குறைய இழந்தே வாழ்ந்தது. உலகில் விவசாயத் தொழிலாளர் பலர். பயிரின் ஒரு பருவத்தை மட்டும், அதாவது அதன் கொழுந்தை மட்டும், வாழ்நாள் முழுவதும் தொடுவதற்கு விதிக்கப்பட்டவர் சிலரே.

விதையில்லாதவரின் சோறு பிறர் கையில் இருக்கும். தோட்டத் தொழிலாளிக்கு அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. தோட்டம் அதை வழங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1942இல் யப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. நாடெங்கும் பங்கீட்டு முறை வந்தது, கோதுமை மா நுழைந்தது. 1948இற் குடியுரிமையும் பறிபோன பின்னர், நிலம் கேட்கும் குரலுக்குச் சட்டத்தின் முன் இடமே இல்லாமற் போனது. 1973–74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது, அரை ஏக்கர் வயலோ வீட்டுத் தோட்டமோ உடைய கிராமத்தவர் மரவள்ளியையும் குரக்கனையும் கொண்டு ஒருவாறு தாக்குப்பிடித்தனர். தோட்டங்களில் மக்கள் மடிந்தனர். இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விடக் கடுமையாக உயர்ந்தது. பஞ்சம் பட்டபோது உண்பதற்கு விதைத்தினைகூட இல்லாத வீடுகள் அவை. புறநானூற்றுத் தலைவிக்குக் கடைசியாக எடுக்க ஏதோ ஒன்று இருந்தது. மலைநாட்டுத் தாய்க்கு அதுவும் இருக்கவில்லை.

இந்த வரலாறு மலையக இலக்கியத்தில் எவ்வாறு பதிந்திருக்கிறது? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ வெளியிலிருந்து நோக்கிய கண். உள்ளிருந்து எழுந்த குரல்களில் முன்னோடி ஸி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைச் செடியின் அடியிற் புதைந்த உயிர்களை அவர் ஆங்கிலத்திற் பாடினார், மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தமிழிற் தொகுத்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் கதைகள், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ ஆகியவை அந்த வாழ்வை நமக்கு வரைந்து காட்டின. இவ்வெழுத்துகளிற் கொழுந்து உண்டு, கூடை உண்டு, பிரட்டு உண்டு, கங்காணியும் துரையும் உண்டு, அட்டையும் மழையும் உண்டு. நாம் படித்த அளவில் விதை மிக அரிது. மருதத்திணைப் பாடலிலும் பள்ளிலும் இயல்பாக வந்து விழும் அச்சொல் இங்கே இல்லாமற் போனதை எழுத்தாளரின் மறதியென்று கொள்ளலாகாது. வாழ்க்கையில் இல்லாத பொருள் எழுத்திலும் இல்லை. ஓர் இலக்கியத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணுவதோடு, என்ன இல்லை என்று கேட்பதும் விமர்சனத்தின் கடமை. யதார்த்தவாத எழுத்தின் நேர்மைக்கு இந்த இல்லாமையே ஒரு சான்று எனலாம்.

இன்றைய நிலையையும் பார்ப்போம். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கோப்பித் தோட்டங்களுக்கு முதல் தொழிலாளர் வந்ததாகக் கொள்ளப்படும் 1823ஐக் கணக்கிட்டு, 2023இல் இருநூறு ஆண்டு நினைவும் கொண்டாடப்பட்டது. வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணி என்ற கணக்கு வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் மலசலகூடமும் போக எஞ்சுவதில் நாலு போஞ்சிக் கொடியும் ஒரு பூசணியும் படரலாம். அந்த வீடுங்கூடக் கிடைக்காமல் லயத்துக் காம்பராவிலேயே இன்னும் வாழ்பவர்கள் பல்லாயிரவர்.

தோட்ட வேலையோடு மரக்கறி பயிரிடுவோரும், நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவோரும் இன்று அதிகம். அங்கே விளையும் கரட், கோவா, பீட்ரூட் முதலியவற்றின் விதை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தகரப்பேணியிலோ பொதியிலோ வருகிறது. இதற்கு இயற்கையும் ஒரு காரணம். கோவாவும் கரட்டும் பூத்து விதை தருவதற்கு நீண்ட குளிர் வேண்டும். மற்றக் காரணம் வணிகம். கலப்பின விதையிலிருந்து விளைந்த பயிரின் விதையை எடுத்து மீண்டும் நட்டால், தாய்ப்பயிரின் குணங்கள் சிதறிப்போகும். ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குப் போகவேண்டும். உருளைக்கிழங்குக்கோ விதைக்கிழங்கு வேண்டும். நுவரெலியாவைச் சூழ்ந்த அரசாங்கப் பண்ணைகள் தருவது போதாமல் ஒல்லாந்து முதலிய நாடுகளிலிருந்தும் வருவிக்கப்படுகிறது. 2022இல் நாட்டிடம் டொலர் இல்லாமற் போனபோது, விதையின் விலையும் கமக்காரனின் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறியதை அனைவரும் அறிவர். அன்று அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்தோம். இன்று மரக்கறிக்கு விதைப்பொதியை நம்பியிருக்கிறோம்.

இதிலிருந்து, புதிய விதையெல்லாம் தீது, பழையவையெல்லாம் நன்று என்ற முடிவுக்குத் தாவிவிடலாகாது. 1950களின் இறுதியில் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச்-4 நெல், முருங்கைக்காயன் என்னும் நம் நாட்டு நெல்லை ஒரு பெற்றோராகக் கொண்டு பிறந்தது. அரசாங்க விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். மக்களுக்குப் பொதுவாக அது வழங்கப்பட்டது. உழவர் தம் அறுவடையிலிருந்தே மறுபோகத்துக்கு விதை எடுத்துவைக்க முடிந்தது. இலங்கை தன் அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவிக்கும் நிலைக்கு வந்ததில் இப்பொது ஆராய்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. மறுபுறம், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டது. உரத்தை ஏற்று விளையவென்று உருவாக்கப்பட்ட நெல், உரமின்றி எவ்வாறு விளையும் என்று உழவனைக் கேட்டவர் இல்லை. ஆண்டு முடிவதற்குள் தடை நீங்கியும் அப்பெரும்போகத்து விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் அடிபட்டது. விதையும் மண்ணும் உரமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். பழமையின் பெயரால் ஒரு கண்ணியை அறுத்தவர்களும், இலாபத்தின் பெயரால் ஒரு கண்ணியைக் கைப்பற்றியவர்களும் உழவனைக் கேட்காமலே அதைச் செய்தார்கள்.

விதையை உண்பதா காப்பதா என்ற பழைய வினாவை நம் காலத்து வரலாறு ஒருமுறை மிகக் கொடூரமாக எழுப்பியது. சோவியத் விஞ்ஞானி நிக்கொலாய் வவிலோவ் உலகின் பல கண்டங்களிலும் அலைந்து திரட்டிய விதைகள் லெனின்கிராட் நகர நிலையமொன்றில் சேமிக்கப்பட்டிருந்தன. 1941 செப்டெம்பர் முதல் 1944 சனவரி வரை நாஜிப் படை அந்நகரை முற்றுகையிட்டது. இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அந்நிலையத்துப் பணியாளர்கள் நெல், கோதுமை, நிலக்கடலை, கிழங்கு என்று மூட்டை மூட்டையாக உணவின் நடுவே இருந்தும், அதைத் தொடாமலே பலர் பசியால் இறந்தனர். நெல் ஆராய்ச்சியாளர் திமித்ரி இவானொவ், தாம் காத்த ஆயிரக்கணக்கான நெற்பொதிகளுக்கு நடுவில் உயிர்விட்டார். வவிலோவ் அப்போது அங்கே இல்லை. லைசென்கோவின் போலி விஞ்ஞானத்தை எதிர்த்தமையால் 1940இல் தமது சொந்த அரசாலேயே சிறைப்பட்டு, 1943 சனவரியில் சரத்தொவ் சிறையில் அவரும் பட்டினியால் நலிந்து மாண்டார். முற்போக்காளராகிய நாம் இதன் முற்பகுதியைப் பெருமையோடு சொல்லிப் பிற்பகுதியை மறைப்போமாயின், உண்மைக்கும் அம்மாமனிதருக்கும் துரோகம் செய்தவராவோம்.

மாறநாயனார் வயலிலிருந்து வித்தை வாரிவந்து விருந்துக்கு இட்டார். லெனின்கிராட் விஞ்ஞானிகள் தம் உயிரை விட்டு வித்தைக் காத்தனர். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றலாம். இரண்டிலும் ஒருவர் தம் பசியைப் பிறருக்காகப் பொறுத்துக்கொள்கிறார். வேறுபாடு விருந்தினர் யார் என்பதில் இருக்கிறது. அவ்விஞ்ஞானிகளுக்கு இனிப் பிறக்கப்போகும் மனிதரே விருந்தினர். ஆனால் தனி மனிதர் இத்தகைய தியாகம் செய்யும் நிலையை உண்டாக்கிவிட்டுப் பின்னர் அதைப் புகழ்ந்துகொண்டிருக்கும் சமுதாயம் நல்ல சமுதாயமாகாது. தலைவி விதையை இடிக்கவும் வேண்டாம், ஆராய்ச்சியாளர் விதைக்கு நடுவிற் சாகவும் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டிய ஏற்பாடு என்ன?

அந்த ஏற்பாட்டின் பெயர் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில், உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் தரப்படும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விலை இல்லை, வட்டிக்கடை இல்லை. பெற்றதைவிடக் கூடுதலாகத் திருப்புவதால் அடுத்தவருக்கும் விதை கிடைக்கிறது. அவர் 2018இல் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயாணம் முதலிய நூற்றுக்கு மேற்பட்ட நெல்லினங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன. புறநானூற்றுத் தலைவிக்குக் கிடைக்காத குறியெதிர்ப்பை இதுவே. நம் நாட்டிலும் பச்சைப்பெருமாள் என்னும் தமிழ்ப் பெயர் கொண்ட நெல்லைச் சிங்கள உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவர் மொட்டைக்கறுப்பனைக் காத்தார்கள். கன்னொறுவையிலுள்ள அரசாங்க நிலையம் பல்லாயிரம் விதை மாதிரிகளைக் குளிரூட்டிப் பேணுகிறது. விதைக்கு இனபேதம் இல்லை என்பதை அரசியல்வாதிகளை விட உழவர் நன்கறிவர்.

மலைநாட்டில் இதற்கு இடமுண்டா? உண்டு என்றே கருதுகிறோம். போஞ்சி, பூசணி, மிளகாய், தக்காளி, கீரை ஆகியவற்றின் கலப்பினமல்லாத வகைகள் நம் குளிரிலும் விதை தரும். அவ்விதை தாயைப் போன்ற பயிரையே தரும். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தியும் அலுமாரியில் ஒரு தட்டும் இருந்தால், விதை கொடுத்து விதை வாங்கும் பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். லயத்துப் பாட்டிமாரிடம் இன்னும் சில விதைகளும் அவற்றைக் காக்கும் முறைகளும் எஞ்சியிருக்கின்றன. மாணவர் அவற்றைக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அது நாட்டார் பாடலைத் தொகுப்பதற்குச் சற்றும் குறையாத இலக்கியப் பணியாகும்.

ஆயினும் பாத்தியோடும் தட்டோடும் நிறைவடைந்துவிட்டால், இன்னொரு விருந்தோம்பற் பாடலைத்தான் நாம் எழுதியவர்களாவோம். நிலமில்லாதவன் கையிலுள்ள விதை, நாளடைவில் உரலுக்கே போகும். மலையக மக்களின் காணியுரிமைக் கோரிக்கையை வெறும் வீட்டுப் பிரச்சினையாகக் குறுக்குவோர் இதைச் சிந்திக்கவேண்டும். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதோடு, விதைக்கவும் அறுக்கவும் மறுபோகத்துக்கு எடுத்துவைக்கவும் போதிய மண் வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் முழு வடிவம். தோட்டங்களிற் தரிசாகக் கிடக்கும் காணிகள் அதற்கு உண்டு. கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளைக் காடேற விடும் நிருவாகங்களுக்கு, அவற்றைப் பண்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைப்பதில் என்ன நட்டம்? விதை ஆராய்ச்சி அரசாங்கத்தின் பொதுச் சொத்தாகவே இருக்கவேண்டும் என்ற கோரிக்கையும் இதனோடு சேரவேண்டும். இதில் மலைநாட்டுத் தொழிலாளியும் இராசரட்டைச் சிங்கள உழவனும் வன்னிக் கமக்காரனும் ஒரே அணியினர்.

தமிழ் கற்பிக்கும் தோழர்களுக்கும் கற்கும் நண்பர்களுக்கும் இதிலொரு தனிப் பொறுப்பு உண்டு. அடுத்த முறை 333ஆம் பாடலையோ மாறநாயனாரின் வரலாற்றையோ வகுப்பில் எடுக்கும்போது, விருந்தோம்பலின் சிறப்பை விளக்குவோம்; அதை விளக்கிய பின்னர், அந்த வீட்டின் அடுத்த போகத்தைப் பற்றியும் கேட்போம். கேள்வி கேட்கப் பழகிய மாணவர், பாடலை முன்னிலும் ஆழமாக நேசிப்பார்கள். தம் வீட்டு அடுப்பையும் அந்தப் பாடலின் வெளிச்சத்திற் காண்பார்கள். உண்டவர் பாடிய இலக்கியம் நமக்கு நிறைய இருக்கிறது. விதைத்தவர் பாடும் இலக்கியம் இனித்தான் மலைநாட்டிலிருந்து வரவேண்டும்; அதற்கு முதலில் அவர்கள் விதைக்க ஒரு நிலம் வேண்டும்.